கட்டங்களுக்குள் ஓர் இடது கை

கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரி, அடியில் சுற்றி வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டை மோந்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் கையில் முதலில் அகப்பட்டவை பயிற்சிப் புத்தகங்கள். ஒன்று, இரண்டு என்று எடுத்து அடுக்கிக்கொண்டே போனார். முப்பது புத்தகம். எல்லாம் காலி.

"டென்மார்க்கிலும் புத்தகம் விற்கிறார்களே?" என்றார் ஆங்கிலத்தில்.

"இந்தக் கட்டம் போட்டது விற்க மாட்டார்கள்" என்றேன். ஒன்றைத் திறந்து காட்டினேன். பக்கம் முழுக்கச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் சிலுவைபோல இரண்டு புள்ளிக்கோடுகள். சீன எழுத்தை எழுதப் பழகும் பிள்ளைகளுக்கானது. ஓர் எழுத்து எத்தனை கோடுகள் கொண்டதானாலும் ஒரே சதுரத்துக்குள் அடங்க வேண்டும், நடுவில் உட்கார வேண்டும். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கருவாட்டுக்கு வந்தார். அளவுக்கு மீறாத கருவாட்டுக்குத் தடையில்லையாம். பெட்டியை அவரே அமுக்கி மூடிக் கொடுத்தார். முப்பது வருடமாக மலேசியாவில் ஈப்போ பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் எனக்கு, இவ்வளவு பொறுமையான உத்தியோகத்தரைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமை வரும்.

என் கைப்பையில் அவர் பார்க்காத ஓர் உறையும் இருந்தது. அதற்காகத்தான் இந்தப் பயணமே.

என் தங்கை கோமதி, மன்னாரிலிருந்து சிறுவயதில் டென்மார்க் வந்த யூட்டைக் கட்டிக்கொண்டு கோப்பன்ஹேகனை ஒட்டிய புரொண்பியில் குடியிருக்கிறாள். அவர்கள் மகள் மாயாவுக்கு எட்டு வயது. கோமதியின் கம்பெனி அவளைப் பினாங்கு கிளைக்கு மாற்றியிருக்கிறது. அங்கே பார்த்திருக்கும் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சீனத் தொடக்கப்பள்ளி. எங்கள் ஊரில் தமிழ்ப் பிள்ளைகள் சீனப் பள்ளியில் படிப்பது புதிதல்ல. நானே படித்தவள். தலைமையாசிரியர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பிள்ளை ஒரு சிறிய எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். தேறினால் தன் வயதுப் பிள்ளைகளோடு மூன்றாம் வகுப்பு. தேறாவிட்டால் இரண்டு வயது இளைய பிள்ளைகளோடு முதலாம் வகுப்பு. வினாத்தாளை ஒட்டிய உறையில் வைத்து, "நீங்களே கொண்டு போகிறீர்களா?" என்று என்னிடம் தந்துவிட்டார். கோப்பன்ஹேகனில் மாயா சனிக்கிழமைதோறும் போகும் சீன வகுப்பின் ஆசிரியை தேர்வை நடத்துவார் என்று ஏற்பாடு.

நான் போய் இறங்கியது செவ்வாய்க்கிழமை. நவம்பர் மாதம். பிற்பகல் நான்கு மணிக்கே தெருவிளக்குகள் எரிந்தன. யூட் முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து நேரே வந்திருந்தார்.

"குளிருதோ அக்கா? இன்னும் குளிரே தொடங்கேல்லை" என்றார்.

அந்த மனிதரின் ஆறுதல் சொல்லும் முறை அப்படி.

மறுநாள் காலை எனக்கு முன்னால் ஒரு கறுப்புச் சதுர ரொட்டித் துண்டை வைத்தார்கள். கம்பு ரொட்டி மாதிரி ஒன்று. கடித்தால் தாடைக்கு வேலை. மேலே சர்க்கரை போட்டு ஊறவைத்த பச்சை மீன். சர்க்கரையில் மீனா என்று கோமதியைப் பார்த்தேன். அவள் மிளகாய்ச் சம்பல் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். சம்பல் வைத்தால் எந்த நாட்டு ரொட்டியும் உள்ளே போகும்.

மாயா பள்ளி விட்டு வந்ததும் வரவேற்பறை மேசையில் உட்கார்ந்தாள். டேனிஷ் வீட்டுப்பாடம் முதலில். பென்சில் இடது கையில். சரசரவென்று ஓடியது. பிறகு ஒரு குதிரை வரைந்தாள், அதுவும் இடது கையால். பிறகு நான் கொண்டுவந்த கட்டப் புத்தகத்தைத் திறந்தாள். திறந்தவள், பென்சிலை மெதுவாக வலது கைக்கு மாற்றினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள்.

எழுதியது 'மரம்' என்பதற்கான சீன எழுத்து. நாலே கோடு. முதலாம் வகுப்பில் முதல் மாதம் சொல்லிக் கொடுப்பது. அதுவே கட்டத்துக்குள் நிற்காமல் சாய்ந்து விழுந்தது.

போன வருடம் இதே பிள்ளை எழுதிய பக்கங்களைக் கோமதி படம் பிடித்து அனுப்புவாள். மரம், இரண்டு மரம் சேர்ந்த தோப்பு, மூன்று மரம் சேர்ந்த காடு என்று அச்சடித்த மாதிரி இருக்கும். மூன்று நாலு மாதமாகத்தான் எழுத்து கெட்டுப்போனது. கோமதி அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். நானும் தொலைபேசியில் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

"ஏன் கையை மாத்துறே?" என்று கேட்டேன்.

அவள் டேனிஷில் ஏதோ சொன்னாள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த யூட் கெண்டியைக் கீழே வைத்தார்.

"என்னவாம்?"

"நீங்கள்தான் சொன்னனீங்களாம் அக்கா" என்றார், பாதித் தயக்கத்தோடு. "மலேசியாவிலை இடக்கையாலை எழுதினால் ரீச்சர் அடிப்பாவாம், இப்பவே சோத்துக்கைக்குப் பழகு எண்டு."

சொன்னேன். ஒருநாள் வீடியோ அழைப்பில், கோமதி அடுப்படியில் இருந்தபோது, அக்கறையாகத்தான் சொன்னேன். சொன்னதை மறந்தும் விட்டேன். எட்டு வயதுப் பிள்ளை மறக்கவில்லை.

அதைச் சொன்னதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. நானும் இடது கைக்காரி. வீட்டில் அப்பா அந்தக் கையால் சாப்பிட விடமாட்டார், யாருக்கும் எதையும் கொடுக்க விடமாட்டார். பள்ளியில் முதலாம் வகுப்பு ஆசிரியை, நான் பென்சில் பிடித்த இடது கையின் முட்டியில் மர அளவுகோலின் விளிம்பால் தட்டுவார். சீன எழுத்தில் படுக்கைக் கோடு இடமிருந்து வலமாகத்தான் போக வேண்டும். வலது கை அதை இழுக்கும். இடது கை அதைத் தள்ள வேண்டும். "தள்ளினால் கோடு செத்துப்போகும்" என்பார் அவர். வருடம் முடிவதற்குள் வலது கைக்கு மாறிவிட்டேன். என் கையெழுத்து இன்றைக்கும் பார்க்கச் சகிக்காது. டிக்கெட் கவுண்டரில் கணினி வந்த அன்று என்னைவிட மகிழ்ந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

இந்தக் கதையை நான் மாயாவிடம் சொல்லவில்லை. பயத்தை மட்டும் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை முழுவதும் அவளைத் தாஜா செய்தேன். "பெரியம்மா தப்பா சொல்லிட்டேன். நீ உன் கையாலயே எழுது."

"அங்கை அடிக்க மாட்டினமோ?"

"மாட்டாங்க."

"உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது. நான் படித்தது நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால். இந்த நாட்டில் வளரும் பிள்ளையிடம் ஒப்புக்குப் பேச முடியாது. கண்ணை நேராகப் பார்த்துக் கேட்கிறார்கள். அவள் பள்ளியில் இடது கைக்காரர்களுக்கென்று தனியாகக் கத்தரிக்கோல் இருக்கிறதாம், பச்சைப் பிடி போட்டது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து அளவுகோலுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு மூன்று நாலு மாதமாகத் தனியே அந்தக் கையோடு போராடியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை பினாங்குப் பள்ளிக்கு அழைத்தேன். அங்கே பிற்பகல் மூன்று மணி. அலுவலகத்துப் பெண் எடுத்தார். தலைமையாசிரியர் வெளியே போயிருக்கிறார், கை விஷயத்தை அவரிடம்தான் கேட்க வேண்டும், மின்னஞ்சல் போடுங்கள் என்றார். போட்டேன். பதில் வரவில்லை.

அன்று மாலை கோமதியிடம் ஒப்புக்கொண்டேன். யூட் அதைச் சொல்லும் பொறுப்பை எனக்கே விட்டிருந்தார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மூன்று தண்ணீர் மாற்றினாள்.

"நான் அவளைத் தினம் திட்டினேன்க்கா" என்றாள் கடைசியில். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை. யூட்டுக்கு வேலை, கோமதிக்குக் கம்பெனியில் கூட்டம். மாயாவை நான்தான் அழைத்துப் போக வேண்டும். வழியெல்லாம் அவளுக்குத் தெரியும். நான் பெரியவள் என்ற பெயருக்குத் துணை. உறையைக் கைப்பையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனால் ரயில் இல்லை. தண்டவாளத்தில் வேலை நடக்கிறதாம், அதற்குப் பதிலாகப் பேருந்து. அந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்று அறிவிப்பில் ஓர் அம்புக்குறி. அம்புக்குறி காட்டிய இடத்தில் ஒரு மிதிவண்டிக் கொட்டகை. ஈப்போவில் நான் இப்படி ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தால் பயணிகள் கவுண்டர் கண்ணாடியை உடைத்திருப்பார்கள். இங்கே இருபது பேர் ஒரு வார்த்தை பேசாமல் காற்றில் நின்றார்கள். தெருவைக் கடக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு. கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி ஒன்றுமில்லை. நான் காலை எடுத்து வைத்தேன். மாயா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சிவப்பு பெரியம்மா."

நின்றேன்.

பேருந்து ஒரு வழியாக வந்தது. காலையில் அவள் சாப்பிடவில்லை என்பது ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. கோமதி கட்டிக்கொடுத்த புட்டு டப்பாவைத் திறந்தேன். தேங்காயும் கருவாட்டுப் பொரியலும் சேர்ந்த வாசம் பேருந்தை நிறைத்தது. முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் மூடப் போனேன். மாயா கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த விதிப் பலகையை அண்ணாந்து வாசித்தாள். சிகரெட் கூடாது. சத்தமாகப் பாட்டுக் கூடாது. இருக்கையில் கால் வைக்கக் கூடாது.

"புட்டைப் பற்றி ஒண்டும் போடேல்லை" என்றாள். "சாப்பிடலாம்."

சாப்பிட்டாள். வலது கையால். அந்த விஷயத்தில் அவள் அப்பாவும் எங்கள் அப்பாவும் ஒரே கட்சி.

வகுப்புக்கு இருபது நிமிடம் பிந்திவிட்டோம். ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், பதினைந்து பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். டேனிஷ் அப்பாவும் சீன அம்மாவுமாக உள்ள பிள்ளைகள் பாதி. முன்னால் லின் ஆசிரியை. நாற்பது வயதிருக்கும், வாரநாட்களில் ஏதோ ஆய்வுக்கூடத்தில் வேலையாம். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்று கையைத் தூக்கினார்.

காற்றில் எழுதுகிறார்கள். நாங்களும் இப்படித்தான் படித்தோம். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. படுக்கைக் கோட்டுக்கு 'ஹெங்', நிற்கும் கோட்டுக்கு 'ஷூ', இடப்பக்கம் சரிவதற்கு 'பியே', வலப்பக்கம் சரிவதற்கு 'நா'. அந்தப் பெயர்களை எல்லோரும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டே விரலால் காற்றில் கோடு போடுவார்கள். எந்தக் கோடு முதலில், எது அடுத்தது என்பது கைக்குப் பழகிவிடும். மூளை மறந்தாலும் கை மறக்காது. ஒரு மனிதன் மரத்தில் சாய்ந்து நிற்பதுதான் 'ஓய்வு' என்ற எழுத்து. பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பதினைந்து வலது கைகள் மேலே போயின. பையைக் கீழே வைத்த மாயாவின் இடது கையும் தன்னால் மேலே போனது. பாதியில் அது நின்றது. அதை இறக்கி இடுப்புக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, வலது கையைத் தூக்கினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கதவோரம் நின்று மூக்கைச் சிந்தினேன். வெளியூரில் சளி பிடித்துக்கொண்ட கிழவி என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

இடைவேளையில் லின் ஆசிரியையிடம் போனேன். பல வருடமாக உட்கார்ந்து பேசாத மாண்டரின். வாய் கோணிற்று. உறையை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதுவும் பள்ளியில் பழகியதுதான். அதன்பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். என் அளவுகோல், என் வீடியோ அழைப்பு, பதில் வராத மின்னஞ்சல்.

அவர் உடனே ஆறுதல் சொல்லவில்லை. "போன வசந்தத்தில் இவளுடைய இடப்பக்கச் சரிவுக் கோடு வகுப்பிலேயே அழகானது" என்றார். "இடது கைக்கு அந்தக் கோடு எளிது. கோடை விடுமுறைக்குப் பிறகு காணாமல் போயிற்று. கேட்டால் சொல்ல மாட்டாள்." உறையை மேசையில் வைத்தார். "என்னையும் சின்ன வயதில் வலது கைக்கு மாற்றினார்கள். எனக்குச் சரியாக வந்துவிட்டது. அதனால் இவளிடம் நான் அதிகம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்."

வகுப்பு முடிந்ததும் மாயாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். உறையைக் கத்தியால் கிழித்தார். வினாத்தாளோடு ஒரு குறிப்புத் தாளும் இருந்தது.

மாயா கை கட்டிக்கொண்டு கேட்டாள்: "எந்தக் கை எண்டு அதிலை இருக்கோ?" ஆசிரியைக்கு விளங்க அதையே டேனிஷிலும் கேட்டாள்.

லின் ஆசிரியை குறிப்புகளை ஒவ்வொன்றாக டேனிஷில் வாசித்தார். மாயா எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். பென்சிலால் எழுத வேண்டும். இருபது சொல், ஆசிரியை வாசிக்க வாசிக்க. பிறகு ஐந்து வாக்கியம். நாற்பது நிமிடம். கோடுகளின் வரிசை சரியா என்று ஆசிரியை பக்கத்தில் நின்று பார்த்துக் குறிக்க வேண்டும். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி.

"வேறு ஒண்டும் இல்லையோ?"

"வேறு ஒன்றும் இல்லை" என்றார் ஆசிரியை.

மாயா அந்தத் தாளைத் தானே வாங்கி ஒருமுறை பார்த்தாள். சீனத்தில் எத்தனை எழுத்து அவளுக்குப் புரிந்ததோ தெரியாது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கையைப் பற்றி ஒண்டும் போடேல்லை பெரியம்மா" என்றாள். பென்சிலை இடது கையில் எடுத்தாள்.

நான் வெளியே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். லின் ஆசிரியை வாசிப்பது கேட்கவில்லை, அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மாயா ஒவ்வொரு கட்டத்தையும் நிதானமாக நிரப்பினாள். ஒரு தடவை, அவளுடைய வலது கை மேசைக்கடியிலிருந்து எழுந்து வந்து தாளைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் அதற்கு வேலை.

வெளியே வந்தவளின் இடது உள்ளங்கை ஓரம் பென்சில் கரியால் வெள்ளிபோல மினுங்கியது. எழுதியதன் மேலேயே கை நகர்வதால் வரும் கறை. எனக்கும் ஏழு வயதில் அது இருந்தது. ஆசிரியைக்குத் தெரியாமல் பாவாடையில் துடைப்பேன். இவள் அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தாள்.

தாளைப் படம் பிடித்து அன்றே பினாங்குக்கு அனுப்புவதாகவும், மதிப்பெண் போடுவது தன் வேலையில்லை என்றும் சொன்னார் லின் ஆசிரியை. "வரிசையில் இரண்டு பிழை. அதை மட்டும் சொல்லலாம்."

இரண்டு கூடுதலா, குறைவா? அது பினாங்குக்குத்தான் வெளிச்சம். திரும்பும் பேருந்தில் மாயா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டதால், அடுத்த நிறுத்தத்திலிருந்து இருவரும் எதிர்க்காற்றில் நடந்து வந்தோம். முப்பது வருட டிக்கெட் அனுபவத்தின் லட்சணம் அது.

ஞாயிறு அவர்களோடு மாதா கோவிலுக்குப் போனேன். மாதாவிடம் மன்னார்க்காரர்கள் தமிழில் கேட்க, நானும் ஒரு மனுப் போட்டேன். எங்கள் ஈப்போ மாரியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நம்புகிறேன். திங்கள் ஒன்றும் வரவில்லை. செவ்வாய் ஒன்றும் வரவில்லை. நான் பெட்டியை அடுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

புதன் காலை, கறுப்பு ரொட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கோமதியின் கைப்பேசி ஒலித்தது. அவள் வாசித்தாள். என்னிடம் நீட்டினாள்.

மூன்றாம் வகுப்பு.

கீழே தலைமையாசிரியர் என் கேள்விக்கும் பதில் எழுதியிருந்தார். அந்த வழக்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. எங்கள் பள்ளியில் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் இடது கைக்காரர்கள். பிள்ளையை மேசையின் இடது ஓரத்தில் உட்காரச் சொல்லுங்கள், அப்போதுதான் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையில் இடிக்காது.

அதை மூன்று முறை வாசித்தேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. யூட் வேலைக்குப் பிந்திப் போனார். கோமதி மகளைக் கட்டிப்பிடித்து, திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாள். மாயா, "சரி சரி" என்று டேனிஷில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள்.

நான் புறப்படுவதற்கு முந்தைய மாலை, அவள் ஒரு கட்டப் புத்தகத்தை என் முன்னால் வைத்தாள். பென்சிலை என் இடது கைப் பக்கம் வைத்தாள்.

"எழுதுங்கோ."

'மரம்' எழுதினேன். ஹெங், ஷூ, பியே, நா. ஒரு வரி, பத்துக் கட்டம். என் மரங்கள் புயலில் அகப்பட்டவை. சீன ஆசிரியர்கள் நன்றாக வந்த எழுத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போடுவார்கள். மாயா சிவப்புப் பென்சிலோடு பத்தையும் ஆராய்ந்தாள். ஏழாவதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"மற்ற ஒன்பதும் திரும்ப எழுதோணும்" என்றாள். "வீட்டை போறதுக்குள்ளை."

விமான நிலையத்தில் கவுண்டர்ப் பெண், எந்த இருக்கை வேண்டும் என்று கேட்டாள். எதுவானாலும் பரவாயில்லை என்றுதான் வழக்கமாகச் சொல்வேன்.

"இடது பக்கம், சன்னலோரம்" என்றேன். "பக்கத்தில் இருப்பவரை இடிக்கக் கூடாது. எனக்கு எழுதும் வேலை இருக்கிறது. நான் இடது கைக்காரி."

அவள் ஏதோ சாதாரண விஷயம் கேட்டதுபோலத் தலையசைத்து, இருக்கைச் சீட்டை நீட்டினாள். நான் அதை இடது கையால் வாங்கிக்கொண்டேன்.